நால்வர், மூன்று வண்டிகள்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் சாலை சுமார் 12 கிலோமீட்டர் நீளமுடையது. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் அது ஒரு சிறு துண்டு. வடக்கு நோக்கிச் செல்வோருக்கு இடப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை, துணைக்கு வருவதுபோல் நெடுகிலும் கூடவே வரும். கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் நூற்பாலைகளும் மாறி மாறித் தோன்றும். ஊர் நெருங்கும்போது ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தொலைவிலிருந்தே வரவேற்கும். வேலைக்காகவும், நீதிமன்ற வழக்குகளுக்காகவும், திருமணங்களுக்கும் துக்கங்களுக்கும் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து பல்லாண்டுகள் நாங்கள் இச்சாலையில் போய் வந்திருக்கிறோம். ஆயினும் இச்சாலைக்கு ஒரு மணம் உண்டு, அது மைலுக்கு மைல் மாறும் என்பதை அறுபது வயதைக் கடந்த பிறகே மீண்டும் உணர்ந்தோம். உணர்த்தியது மோட்டார் சைக்கிள்.

நாங்கள் நால்வர், ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். ஒருவர் நூற்பாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழில் செய்தவர். எங்களுள் மூத்தவருக்கு 67 வயது; இளையவருக்கு 62. சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் வண்டிகளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். சில வாரங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று காப்பி அருந்தித் திரும்புவோம். சில வாரங்கள் முடங்கியாறு சாலையில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரையிலோ, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலையடிவாரம் வரையிலோ செல்வோம். 1988-இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அதனால் சோதனைச் சாவடியோடு எங்கள் எல்லை முடிந்துவிடும். அதற்கு மேல் செல்லும் ஆசையும் எங்களுக்கு இல்லை.

மோட்டார் சைக்கிள் எங்களுக்குப் புதிதன்று. நாங்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் இப்பகுதியின் சாலைகளில் மூன்று ஓசைகள் உண்டு. புல்லட்டின் கனத்த துடிப்பு ஒன்று. எஸ்டியின் படபடப்பு மற்றொன்று. இராஜ்தூத்தின் கரகரப்பு மூன்றாவது. யார் வருகிறார் என்பதைத் திண்ணையில் அமர்ந்தபடியே காதால் அறிந்துகொள்ளலாம். இவற்றுள் புல்லட் நம் மாநிலத்தின் பிள்ளை. இங்கிலாந்தில் ரெடிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்துச் சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. தாய் நிறுவனம் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மூடப்பட்டது. திருவொற்றியூரின் உலையோ அணையவில்லை. எஸ்டியின் கதை வேறு. மைசூரில் அதைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது.

வண்டி எங்களை விட்டுப் போனது ஒரே நாளில் அன்று. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது, 1985-இல் ஹீரோ ஹோண்டா வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் எத்தனை தூரம் போகும் என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வியாயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுக்குப் பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், பின்பு திருமணம். இருவர் வண்டியை விற்றோம். ஒருவர் தம் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். ஃபிட்டர் மட்டும் 1984-ஆம் ஆண்டுப் புல்லட்டை விற்க மனமின்றி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்தார். அதன்மேல் கோழிகள் அடைந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கே கிடந்தது.

பணி ஓய்வு பெற்ற மறு மாதம் அவர் அந்தச் சாக்கை உருவினார். மில்லில் எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிய கைக்கு வீட்டில் வேலையில்லாமல் இருப்பது நோய்போல் இருந்தது என்று அவர் சொல்வார். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார்; பிஸ்டன் வளையங்களை மாற்றினார்; துருப்பிடித்த பெட்ரோல் தொட்டியினுள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்தார். வண்டியின் பதிவையும் காப்பீட்டையும் புதுப்பித்தார். மூன்று மாதம் ஆயிற்று. அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை உதைகோலை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் நெம்பை விட்டு, ஒரே உதையில் அவர் அதைக் கிளப்பியபோது தெருவே வந்து பார்த்தது. அந்த ஓசை கேட்டு நாங்களும் வந்தோம். எங்களுள் எவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் நால்வர் வீட்டிலும் வண்டி நின்றது.

வண்டி இருந்தால் போதுமா? ஓட்டுநர் உரிமம் வேண்டுமே! எங்களுள் இருவரின் உரிமம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டவர் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மீசை முளைக்கத் தொடங்கிய பையன்களின் வரிசையில் நரைத்த தலைகள் இரண்டும் நின்றன. ஒரு பையன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்து, “தாத்தா, யாருக்கு லைசென்ஸ்? பேரனுக்கா?” என்று கேட்டான். “எனக்குத்தான் தம்பி” என்றார் எங்கள் ஆசிரியர். பையனின் முகத்தில் தோன்றிய வியப்பை அவர் இன்றும் நடித்துக் காட்டுவார்.

தரையில் வரைந்த எட்டின்மேல் காலை ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். பையன்கள் வேகமாக வந்து வளைவில் காலை ஊன்றினார்கள். வேகம் கூடக் கூட வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகச் செல்லும்போதுதான் ஓட்டுபவரின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது. ஆசிரியரும் வங்கிக்காரரும் மிக மெதுவாக எட்டைப் போட்டு முடித்தார்கள். 55 வயதைக் கடந்தவருக்கு உரிமம் 5 ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. மருத்துவரின் சான்றும் வேண்டும். இளமையில் பெற்ற உரிமத்தில் முடிவு நாளை நாங்கள் பார்த்ததே இல்லை. இப்போது கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான்.

அரசு அனுமதித்துவிட்டது, வீடு எளிதில் அனுமதிக்கவில்லை. “இந்த வயசுல எதுக்குப்பா? எங்கயாவது விழுந்தா யார் பாக்குறது?” என்று பிள்ளைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தொலைபேசியில் கேட்டார்கள். அக்கேள்வியில் அன்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. பேண்டேஜ் தொழில் செய்த நண்பரின் இருதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. வங்கிக்காரரின் மனைவி சர்க்கரை நோயால் கால் விரலை இழந்தவர். அவருக்கு எல்லாமே கணவர்தாம். நம் உடல் நமக்கு மட்டும் உரியதன்று, நம்மை நம்பி வாழ்பவருக்கும் உரியது என்று மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அப்படியானால் வெறும் ஆசைக்காக அதைச் சாலையில் கொண்டுபோய் நிறுத்த நமக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்விக்கு விளையாட்டாக விடை சொல்ல நாங்கள் விரும்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். 40 கிலோமீட்டரில் 11 மீட்டர். குறுக்கே ஓர் ஆடு வருவதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் வண்டி இவ்வளவு தூரம் போயிருக்கும். வயது ஏற ஏற அந்த நொடி நீளுகிறது. இருபது வயதுக் கண்ணின் உட்திரைக்குள் செல்லும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணுக்குள் செல்கிறது என்கிறார்கள் கண் மருத்துவர்கள். ஆகவே சில விதிகளை வகுத்துக்கொண்டோம். சூரியன் மறைந்தபின் ஓட்டுவதில்லை. மழையில் ஓட்டுவதில்லை. 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தை வார் பூட்டி அணியாதவர் வண்டியைத் தொடுவதில்லை. ஆடிக் காற்று மலைக் கணவாயிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும் நாள்களில் வீட்டில் இருந்துவிடுவோம். ஐந்தாவது விதியைச் சொன்னவர் ஆசிரியரின் மனைவி. “நாலு பேர்ல ஒருத்தர் ‘உனக்கு இனி வேண்டாம்’னு சொன்னா, அந்த ஆளு மறுபேச்சு இல்லாம சாவியைக் கொடுத்துடணும்” என்றார். “சரிங்க மதினி” என்று தலையாட்டினோம். அப்போது அது எளிய விதியாகத்தான் தோன்றியது.

முதிய வயதில் இப்படித் திரும்பியவர்கள் நாங்கள் மட்டும் அல்லோம். நியூசிலாந்து நாட்டு பர்ட் மன்ரோ 1899-இல் பிறந்தவர். 1920-ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் வண்டியைத் தம் கைகளாலேயே மீண்டும் மீண்டும் செப்பனிட்டு, 1967-இல் தமது 68-ஆம் வயதில் அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் மணிக்கு 295 கிலோமீட்டரைத் தாண்டிச் சாதனை படைத்தார். ஆங்கில எழுத்தாளர் டெட் சைமன் 1973-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றியவர்; அதே வழியில் மீண்டும் செல்ல 2001-இல் புறப்பட்டபோது அவருக்கு வயது 69. இவர்களைப் பற்றிப் படிக்கையில் உள்ளம் துள்ளுகிறது. ஆனால் எங்களுக்குள் திரும்பி வந்த ஆர்வம் அவர்களுடையதைப் போன்றதன்று. சாதிக்க வேண்டும், முந்த வேண்டும், பிறர் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இளமையிலேயே கழிந்துவிட்டது.

பின் எது திரும்பி வந்தது? கவனம் என்றே சொல்லத் தோன்றுகிறது. காரில் செல்பவர் சாலையைப் படம்போல் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளில் செல்பவர் சாலைக்குள் இருக்கிறார். கண்மாயைக் கடக்கும்போது முழங்காலில் குளிர்ச்சி படுகிறது. மாந்தோப்பைக் கடக்கையில் பூ மணம். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் பால்கோவாவுக்குப் பால் சுண்டும் விறகடுப்புகளின் புகை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பை வாங்காமல் திரும்பலாம். அதன் மணத்தைச் சுவாசிக்காமல் திரும்ப முடியாது. பள்ளம், மணல், நாய், திடீரென்று திறக்கும் கார்க் கதவு என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எண்ண வேண்டியிருப்பதால், நேற்றைய கவலைக்கோ நாளைய கணக்குக்கோ மனத்தில் இடமில்லை. செபத்தில் அமரும்போது எத்தனை முயன்றாலும் கிட்டாத ஒருமுகம் அந்த அரை மணி நேரத்தில் தானே வருகிறது.

வண்டி ஓட்டுவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கண் எங்கே பார்க்கிறதோ, வண்டி அங்கே செல்லும். பள்ளத்தைக் கண்டு அஞ்சி அதையே பார்ப்பவர் அதில்தான் விழுவார். பள்ளத்துக்கு அப்பால் உள்ள நல்ல தடத்தைப் பார்ப்பவர் தப்புவார். தண்ணீர்மீது நடந்த பேதுரு, ஆண்டவரைப் பார்த்தவரை நடந்தார்; காற்றைப் பார்த்ததும் மூழ்கத் தொடங்கினார். இந்நிகழ்ச்சியைச் சிறு வயதுமுதல் கேட்டிருக்கிறோம். சத்திரப்பட்டிச் சாலையின் பள்ளங்களுக்கிடையே அது உடலுக்குப் புரிந்தது.

எங்கள் அன்பியக் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் ஒருநாள் கேட்டார்: “அந்தப் பெட்ரோல் காசை ஓர் ஏழைக்குக் கொடுத்தால் ஆகாதா?” பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது எழுந்த கேள்வியும் ஏறக்குறைய இதுவே. அன்று கேட்டவனின் உள்நோக்கம் வேறு; எங்கள் பாட்டியின் உள்ளம் தூயது. ஆகவே எளிதில் தள்ளிவிட முடியவில்லை. மகிழ்ச்சிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நாங்கள் நம்புகிறோம். முதுமையில் ஒரு மகிழ்ச்சி கிட்டினால் அதைக் கொடையாக ஏற்று நன்றி சொல்வதே முறை. தொண்டு செய்யத்தான் வண்டி ஓட்டுகிறோம் என்று காரணம் கற்பிப்பது பொய்யாகும். ஆனால் நன்றி என்பது வாயளவில் நின்றால் போதுமா என்ற கேள்வி மிஞ்சியது.

திருச்சபைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவைத் தேடிப் பார்த்தோம். இத்தாலியில் அலெசாந்திரியா நகருக்கு அருகிலுள்ள கஸ்தெல்லாசோ என்னும் ஊரின் அன்னை மரியா, 1947 முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக வணங்கப்படுகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசுக்கு 2013-இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் ஒரு வண்டியைப் பரிசளித்தது. அவர் அதன் பெட்ரோல் தொட்டியில் கையொப்பமிட்டு ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். 2014 பிப்ரவரியில் பாரிசில் அது 2,41,500 யூரோவுக்கு விலைபோயிற்று. அப்பணம் உரோமையில் காரித்தாஸ் நடத்தும் ஏழையர் விடுதிக்கும் உணவுக் கூடத்துக்கும் சென்றது.

எங்கள் நெஞ்சைத் தொட்டது வேறொரு வரலாறு. ஜெர்மானியரான பவுல் ஷுல்டே, முதல் உலகப் போரில் விமானியாக இருந்து, பின்பு அமலமரித் தியாகிகள் சபையில் குருவானவர். அவருடைய நண்பரான மறைப்பணியாளர் ஒருவர் ஆப்பிரிக்காவில் நோயுற்று, உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வாகனமின்றி இறந்துபோனார். அத்துயரிலிருந்து 1927-இல் பிறந்தது மிவா என்னும் அமைப்பு. மறைப்பணித் தளங்களுக்கு மோட்டார் சைக்கிள், கார், படகு, விமானம் என வாகனங்கள் வழங்குவதே அதன் பணி. ஆஸ்திரியாவில் அவ்வமைப்பு ஓர் அழகிய வழக்கத்தை வைத்திருக்கிறது. புனித கிறிஸ்தோபர் திருநாளையொட்டி, விபத்தின்றிக் கடந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு செண்டில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகத் தருமாறு வாகன ஓட்டிகளை அது கேட்கிறது.

விபத்தின்றிக் கடந்த கிலோமீட்டர்! அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று முன்பு தோன்றியதே இல்லை. அன்றே ஒரு பால்பவுடர் டின்னில் துளையிட்டோம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தால் ஆளுக்கு 24 ரூபாய். சேரும் பணத்தை, மதுரைக்கு மருத்துவம் பார்க்கச் செல்லும் எங்கள் பங்கின் எளிய மக்களுக்குப் பேருந்துச் செலவுக்காகக் கொடுக்கிறோம். பெரிய தொகை அன்று. கேள்வி கேட்ட பாட்டியிடமே டின்னை ஒப்படைத்திருக்கிறோம். அவர் கணக்கில் கறாரானவர்.

ஆண்டுக்கு ஒரு நெடும் பயணமும் உண்டு. ஆகஸ்ட் 15 விண்ணேற்பு விழாவுக்குச் சில நாள் முன்னதாக, கூட்டம் சேருமுன், சங்கரன்கோவில், கழுகுமலை வழியே காமநாயக்கன்பட்டி பரலோக மாதா ஆலயத்துக்குச் செல்வோம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் பணியாற்றிய தலம் அது. கரிசல் மண்ணும் வெயிலும் அன்றிருந்தவைதாம். அவருக்கு முன்னே மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மறைச்சாட்சியான புனித அருளானந்தர், தென்பாண்டிச் சீமையைப் பெரும்பாலும் கால்நடையாகவே அளந்தவர். கழுகுமலைக்கு அருகே வேப்ப மரத்தடியில் வண்டிகளை நிறுத்தி முதுகை நிமிர்த்தும்போதெல்லாம் அவர்களை நினைப்போம். நம் முதுகுவலி அப்போது சற்றுக் குறையும்.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் கடந்தன. ஒரு சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும் இடத்தில், இடப்புறச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. முன்னால் சென்ற ஃபிட்டர் அதைக் காணவே இல்லை. பின்னால் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்ததால் சைக்கிளில் வந்த சிறுவன் நின்றுகொண்டான், ஒன்றும் நேரவில்லை. ஆனால் உலகிலேயே கவனமான ஓட்டுநர் என்று நாங்கள் எண்ணியிருந்தவர் அவர். வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணில் நீரழுத்த நோய் என்றார் மருத்துவர். வலியின்றி, அறிகுறியின்றி ஓரப் பார்வையை முதலில் தின்னும் நோய் அது. நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் செய்தித்தாள் படிக்கலாம். ஊசியிலும் நூல் கோக்கலாம். பக்கத்தில் வருபவர் மட்டும் தெரியமாட்டார். இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காத்துக்கொள்ளலாம். “வண்டி ஓட்ட வேண்டாம்” என்று மருத்துவர் சொன்னார். ஐந்தாவது விதியை எங்களுள் எவரும் வாய்விட்டுச் சொல்ல நேரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரே சாவியை மேசைமீது வைத்தார்.

அதற்குப் பிந்திய ஆறு வாரங்கள் எங்களுக்குக் கனத்தவை. அவர் திருப்பலிக்கு வருவார். முடிந்ததும் பக்கவாசல் வழியே போய்விடுவார். “பின்னாடி உட்கார்ந்து வாப்பா” என்று அழைத்தபோது, “நான் என்ன மூட்டையா, பின்னாடி வச்சுக் கட்டிக்கிட்டுப் போக?” என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. புல்லட்டை மீண்டும் கொட்டகையில் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். வங்கிக்காரர் தம் புதிய வண்டியை விற்றுவிட்டுப் புல்லட்டை ஓட்டத் தொடங்கினார். இன்றைய வண்டிகளில் கியர் இடக்காலில். அந்தப் பழைய புல்லட்டிலோ கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். ஒரு மாதம் வெறும் தெருவில் ஓட்டிக் காலுக்குப் புதுப் பழக்கம் கற்பித்த பிறகே அவர் நெடுஞ்சாலைக்கு வந்தார்.

ஏழாவது வாரம் புல்லட்டில் ஒரு சத்தம் கேட்டது. நிற்கும்போது கேட்காது, மூன்றாம் கியரில் சற்று ஏற்றத்தில் போகும்போது மட்டும் உள்ளே எங்கோ சுத்தியல் தட்டுவதுபோல் கேட்கும். பட்டறைக்காரர் இருவர் பார்த்தும் பிடிபடவில்லை. வேறு வழியின்றி ஃபிட்டரிடம் சென்றோம். வாசகர் ஐயுற வேண்டாம்; அவரை வரவழைக்க நாங்கள் உண்டாக்கிய சத்தம் அன்று அது. “ஓட்டிக் காட்டு” என்றார். ஓட்டும்போது உடன் இருந்தால்தானே கேட்கும்? சிறிது நேரம் நின்றார். பிறகு தலைக்கவசத்தை எடுத்துவந்து, தம் சொந்த வண்டியின் பின்னிருக்கையில் முதன்முறையாக ஏறி அமர்ந்தார். ஊர் எல்லை தாண்டுமுன்பே, “டேப்பெட் இல்லை, பிரைமரி செயின் தளர்ந்திருக்கு” என்று சொல்லிவிட்டார். திரும்பலாமா என்று கேட்டதற்கு, “இவ்வளவு தூரம் வந்தாச்சு, காப்பி குடிச்சிட்டுப் போவோம்” என்றார். அடுத்த சனிக்கிழமை வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை. அவர் வந்தார்.

நற்செய்தியின் இறுதிப் பக்கங்களில், திபேரியக் கடலோரத்தில், உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் அவரது முதுமையைப் பற்றிப் பேசுகிறார். இளமையில் விரும்பிய இடமெல்லாம் தானே நடந்தவரை, வயது முதிர்ந்தபின் வேறொருவர் அழைத்துச் செல்லும் காலம் வரும் என்கிறார். பேதுருவின் மறைச்சாட்சி மரணத்தைக் குறித்த முன்னறிவிப்பு அது. ஆயினும் முதியவர் எவரும் அதைத் தம்மைக் குறித்தும் கேளாமல் இருக்க முடியாது. எங்கள் நால்வரில் அது முதலில் நிறைவேறியது ஒருவரிடத்தில். மற்ற மூவருக்கும் அதன் நாள் குறிக்கப்பட்டே இருக்கிறது. கைப்பிடி நமக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது என்பதை அறிந்து ஓட்டுவதே முதுமையின் ஆர்வம். இளைஞன் தன் வண்டி என்று ஓட்டுகிறான். நாங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டிய வண்டி என்று ஓட்டுகிறோம். அதனால் மகிழ்ச்சி குறையவில்லை; ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்னதைவிடக் கூர்மையாகிறது.

பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர், ஆற்றைக் கடக்க வருவோரைத் தோளில் சுமந்தவர் என்பது மரபுக் கதை. ஒருநாள் அவர் சுமந்த சிறுவன் வரவரக் கனத்தான். அவனே உலகைத் தாங்கும் ஆண்டவர் என்பதைக் கரை சேர்ந்த பிறகே அறிந்தார். பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது வண்டி வேறுவிதமாக ஓடுகிறது. பிரேக்கை முன்னதாகப் பிடிக்க வேண்டும். வளைவில் மென்மையாகச் சாய வேண்டும். பள்ளங்களில் அவருடைய முதுகையும் நினைக்க வேண்டும். வங்கிக்காரர் இப்போதுதான் நன்றாக ஓட்டுகிறார் என்று எங்களுள் எல்லாருக்கும் தெரியும். பின்னிருக்கைக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. ஓட்டுபவர் சாயும் பக்கம் தாமும் சாய வேண்டும். பயந்து எதிர்ப்புறம் சாய்ந்தால் இருவருக்குமே ஆபத்து. தம்மை ஒப்புக்கொடுப்பது சும்மா இருப்பதன்று என்பதை ஃபிட்டர் எங்களுக்குக் கற்றுத் தருகிறார். “மலை இவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு ஓட்டினப்போ தெரியலப்பா” என்று ஒருமுறை சொன்னார். வேறொரு முறை, வண்டிகளை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, புல்லட்டின் கைப்பிடியை நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டும் உண்மை.

மாத முடிவில் பாட்டி டின்னைத் திறந்து எண்ணுவார். முதல் மாதம் கணக்கு நேராகவில்லை. மூன்று வண்டிக்குரிய தொகையைவிடக் கூடுதலாக இருந்தது. விசாரித்தபோது ஃபிட்டர், தாம் ஒவ்வொரு முறையும் 24 ரூபாய் போட்டதாகச் சொன்னார். நீங்கள் ஓட்டவில்லையே என்று பாட்டி கேட்டார். “பின்னாடி உட்கார்ந்து வந்த கிலோமீட்டரும் விபத்தில்லாம வந்த கிலோமீட்டர்தானே பாட்டி?” என்றார் அவர். பாட்டி சிறிது யோசித்துவிட்டுக் கணக்கு நோட்டில் நான்காவது பெயரை மீண்டும் எழுதிக்கொண்டார்.